ஐம்பதில் நிற்கும் முள்

அவர் ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போனதாகக் கடிதம் சொன்னது. அவர் போனதோ நாற்பத்தெட்டில். மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே போனவர் அவர். கடிதம் எழுதியவர்கள் வண்டிக்குள் இல்லை.

பதினாறு வருடம் கிட்டங்கியில் மூட்டை சுமந்த உடம்பு அது. முதுகெலும்பில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்க வேண்டியது பிதுங்கி வெளியே வந்துவிட்டது. இனி மூட்டையைத் தொட்டால் ஒரு கால் சொன்ன பேச்சு கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டு அதே கிட்டங்கியின் வேனில் ஏறினார். ஆறு வருடமாகிறது. ஆனாலும் எல்லாருக்கும் அவர் இன்றும் மூட்டைக்காரர்தான். சுமை இறங்கிவிட்டது, பெயர் இறங்கவில்லை.

ஆலைச் சாலையில் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது. ஆலை வாசலுக்கு எதிரே கம்பத்தில் ஒரு கேமரா உட்கார்ந்திருக்கிறது. ஒரு கடிதத்துக்கு ஒரு கரும்புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் உரிமம் ரத்து. ஒரே மாதத்தில் அவருக்கு வந்த இரண்டாவது கடிதம் இது.

"லைசென்ஸ் போச்சுன்னா நான் உன்னை வெளிய அனுப்பிடுவேன்னு பயப்படாத" என்றார் முதலாளி. "உன் பழைய இடம் அப்படியேதான் இருக்கு." மேடையில் கூரையைத் தொட அடுக்கியிருந்த மூட்டைகளைக் கையால் காட்டினார். அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் மூட்டைக்காரருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அவருடைய மனைவியின் தம்பி பட்டறை வைத்திருந்தான். கடிதத்தைப் படித்தவன் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின் சக்கரத்தைக் காலால் தட்டினான்.

"மாமா, டயர் எப்ப மாத்துனீங்க?"

"போன மாசம். முதலாளி வேற வண்டிக்கு வாங்கினது சும்மா கெடந்துச்சுன்னு மாட்டிவிட்டார்."

"இது பெரிய டயர். ஒரு சுத்து சுத்தினா முன்னைவிட அதிக தூரம் ஓடும். மீட்டருக்குச் சுத்தை எண்ணத்தான் தெரியும். டயர் பெருத்துப்போச்சுன்னு அதுக்கு யார் சொன்னது? அது பாட்டுக்குப் பழைய கணக்கைச் சொல்லிட்டிருக்கு. நீங்க நாப்பத்தெட்டுன்னு நெனச்சுட்டு அம்பத்துநாலுல போயிருக்கீங்க."

"அப்ப நான்தான் பொய் சொல்லியிருக்கேனா மாப்ள?"

"நீங்க சொல்லல. டயர் சொல்லிச்சு."

அரை நாளில் சரியான அளவு டயர் மாட்டியாகிவிட்டது. இருவரும் புறவழிச் சாலைக்குப் போனார்கள். அறுபதில் போனால் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஒரு நிமிடம் ஆக வேண்டும். மூட்டைக்காரர் முள்ளை அறுபதில் பிடித்துக்கொள்ள, மைத்துனன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். மூன்று கல், மூன்று நிமிடம், ஒரு நொடி பாக்கி.

"தங்கம் மாமா உங்க மீட்டர்" என்றான் மைத்துனன். "போய் நடந்ததைச் சொல்லுங்க. மனுஷங்கதானே, புரிஞ்சுக்குவாங்க."

அவன் பட்டறையை விட்டு அதிகம் வெளியே போகாதவன்.

கடிதம் அனுப்பிய வேகத் துல்லிய இயக்ககம் நான்கு மாடிக் கட்டடம். வாசலில் 'நிற்காதீர், நகருங்கள்' என்று பலகை. உள்ளே எழுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முதுகைப் பிடித்தபடி ஒரு தூணில் சாய்ந்த மூட்டைக்காரரைக் காவலாளி வந்து தட்டினார்.

"இங்க சாஞ்சு நிக்கக் கூடாதுய்யா. நகர்ந்துக்கிட்டே இருக்கணும்."

"வரிசை நகரலையே?"

"வரிசை நகர்றது வேற. நீங்க நகர்றது வேற."

அவர் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து இரண்டரை மணி நேரம் நகர்ந்தார். மூன்றாம் கவுண்ட்டரில் ஓர் அம்மாள் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடிதத்தைப் பார்த்தார்.

"உங்க முள் என்ன காட்டுச்சு?"

"நாப்பத்தெட்டும்மா."

"விதிப்படி முள் நிஜ வேகத்தைவிடக் கூடுதலா காட்டலாம். குறைச்சுக் காட்டக் கூடாது. அப்ப நீங்க போனது நாப்பத்தெட்டு, இல்லன்னா அதுக்கும் கீழ."

மூட்டைக்காரருக்கு மூச்சு வந்தது.

"இருங்க. விதிப்படி கேமரா தப்பாக் காட்டாது. அது அம்பத்துநாலு. அதனால நீங்க போனது அம்பத்துநாலு."

"ரெண்டுல ஏதாவது ஒண்ணுதானேம்மா இருக்க முடியும்?"

"ரெண்டும் விதி. நாங்க ஒண்ணை வச்சுக்கிட்டு ஒண்ணைத் தள்ள முடியாது."

"அம்மா, விஷயம் சின்னது. டயர் பெருசு. இப்ப மாத்திட்டோம்."

"டயர் சக்கரப் பிரிவு, அடுத்த கட்டடம். இது முள் பிரிவு."

"டயர்னாலதாம்மா முள் தப்பாக் காட்டிச்சு."

அம்மாள் பேனாவைத் திறந்தார். "உங்க முள் தப்புன்னு நீங்களே சொல்றீங்க. எழுதிக்கட்டுமா? தப்பான முள்ளோட வண்டி ஓட்டினது தனிக் குற்றம். அதுக்கும் ஒரு புள்ளி உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு."

மூட்டைக்காரர் தான் ஒன்றுமே சொல்லவில்லை என்றார். அம்மாள் இரக்கப்பட்டுப் பேனாவை மூடினார். முள் சான்றிதழ் வாங்கினால் ஒரு புள்ளியைக் கழித்துவிடுவார்கள், முப்பது நாளுக்குள் வாங்காவிட்டால் ஒரு புள்ளி கூடும் என்றார். முப்பது நாளுக்குள் பரிசோதனைக்குத் தேதி கிடைக்குமா என்று கேட்டார் மூட்டைக்காரர். முப்பத்தோராம் நாள்தான் இருக்கிறது, ஆனால் தேதியை முன்போட்டுத் தருகிறேன் என்றார் அம்மாள். அந்தக் கட்டடத்தில் அவர் பார்த்த ஒரே நல்ல மனது அதுதான். அதுவும் விதிக்குப் புறம்பானது.

பரிசோதனை நாளன்று பரிசோதகர் காதில் போனை மாட்டிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் ஒரு கறுப்புக் கார் நின்றது. இயக்குநரின் கார். அதில் இன்னொரு பரிசோதகர் உட்கார்ந்து முள்ளைப் படித்துச் சொல்வாராம். வேன் அதே இடைவெளியில் பின்னாலேயே போக வேண்டும்.

"இதுதான் மூலவண்டி" என்றார் பரிசோதகர். குரல் தாழ்ந்திருந்தது. "தராசுக்கு ஒரு படிக்கல் இருக்கிற மாதிரி வேகத்துக்கு இது. பதினோரு வருஷத்துப் பதிவேடு இருக்கு. இந்த முள் ஒரு தடவகூட அம்பதைத் தாண்டினதில்ல. இவ்வளவு ஒழுக்கமான முள் வேற எந்த வண்டியிலயும் கிடைக்கலைன்னுதான் இதை மூலவண்டியா அறிவிச்சாங்க."

கிளம்பினார்கள். போனில் முப்பது என்று வந்தது. வேனின் முள்ளும் முப்பது. நாற்பது, நாற்பது. ஐம்பது, ஐம்பது. மூட்டைக்காரர் மனதுக்குள் மைத்துனனுக்கு நன்றி சொன்னார். ஆனால் கறுப்புக் கார் ஐம்பதோடு நிற்கவில்லை. இயக்குநரைக் கூட்டத்திலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டதோ என்னவோ, சீறிக்கொண்டு போனது. வேனின் முள் அறுபதுக்கு ஏறியது, எழுபதுக்கு ஏறியது.

"ஐம்பது" என்றது போன். "ஐம்பது. ஐம்பது."

"இடைவெளி விடாதீங்க" என்றார் பரிசோதகர். "உங்க முள் என்ன சொல்லுது?"

"எழுபத்தஞ்சுங்க. ஐயா, நாம நெசமாவே எழுபத்தஞ்சுல போயிட்டிருக்கோம். அங்க மரமெல்லாம் எப்படி ஓடுது பாருங்க."

"மரத்தோட வேகத்தை நாங்க அளக்கிறதில்ல" என்றார் பரிசோதகர். ஒரு கையால் கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதினார்: 'ஐம்பதில் செல்கையில் எழுபத்தைந்து காட்டுகிறது.'

"முதல்ல மூணு தடவ சரியா இருந்துச்சேங்க."

"அது வண்டி சூடாகறதுக்கு. கடைசி அளவுதான் செல்லும்."

இயக்ககத்துப் பட்டறையில் ஒருவர் வேனின் மீட்டரைக் கழற்றி, உள்ளே எதையோ மாற்றி, மூலவண்டியோடு ஒத்துப்போக வைத்தார். பிறகு ஈயத்தில் முத்திரை வைத்தார்கள். உடைத்தால் உரிமம் நேரடியாகப் போகும், புள்ளிக் கணக்கெல்லாம் கிடையாது. சரியான மீட்டரோடு உள்ளே போன வேன், சான்றிதழோடு வெளியே வந்தது.

வாசல் டீக்கடையில் இயக்குநரின் ஓட்டுநர் நின்றிருந்தார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு ஓட்டுநருக்கு இன்னொரு ஓட்டுநரின் முகத்தைப் படிக்க அதிக நேரம் ஆகாது. அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

"எழுபத்தஞ்சா?"

"எழுபத்தஞ்சு."

"தெரியும். என் காலுக்குத் தெரியும்ல." சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "பின்சீட்ல இருந்துக்கிட்டு ஐயா முள்ளையேதான் பார்த்துட்டு வருவார். அம்பதுதான் வரம்புன்னு கையெழுத்துப் போட்டவர் அவர்தானே, தன் வண்டியே தாண்டினா நல்லாவா இருக்கும்னு திட்டுவார். நேரத்துக்குப் போய்ச் சேரலைன்னாலும் திட்டுவார். நான் பார்த்தேன். முத்திரை எல்லாம் வர்றதுக்கு முன்னாடி, ஒரு நாள் கண்ணாடியைக் கழட்டி அம்பதுகிட்ட ஒரு குண்டூசியைச் சொருகினேன். முள் அதுக்கு மேல போகாது, முட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டு திட்டும் நின்னு போச்சு."

"இதைச் சொல்லக் கூடாதாண்ணே?"

"யாருகிட்ட? ஒழுக்கமான முள்ளுன்னு அறிவிச்ச அன்னிக்கு எனக்கும் ஒரு சால்வை போட்டாங்க. அதைத் திருப்பிக் கொடுக்கிறதா?" டம்ளரை வைத்தார். "எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்குப்பா."

மூட்டைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் அந்த மனிதர் எந்த மூட்டை மேடைக்குப் போவார் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் கல்லையும் கடிகாரத்தையும் வைத்துப் பார்த்தார். முள் நாற்பதில் நிற்கும்போது ஒரு நிமிடத்துக்கு ஒரு கல். அதாவது அறுபது. முப்பத்து மூன்றில் வைத்துக்கொண்டால்தான் வண்டி நிஜமாக ஐம்பதில் போனது. சரி, முப்பத்து மூன்றிலேயே ஓட்டுவோம் என்று முடிவு செய்துகொண்டார்.

இது அவர் ஒருவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரமே, முள் சான்றிதழ் இல்லாத எந்த வண்டியும் சாலையில் ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது. லாரி, பஸ், கார் எல்லாம் வரிசை கட்டி மூலவண்டியின் பின்னால் ஓடி முத்திரை வாங்கின. கம்பத்துக் கேமராக்களுக்கும் சான்றிதழ் வேண்டுமல்லவா? அவற்றின் முன்னாலும் மூலவண்டியை ஓட்டி, முள் சொன்னதைக் கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஊர் முழுக்க எல்லா வண்டியும் எழுபத்தைந்தில் பறந்தது. எல்லா முள்ளும் ஐம்பது காட்டியது. எல்லாக் கேமராவும் ஆமாம் என்றது.

மூட்டைக்காரருக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது. ஐம்பது கிலோமீட்டர் சாலையில் முப்பத்து மூன்றில் சென்று போக்குவரத்துக்கு இடையூறு செய்தமைக்கு ஒரு கரும்புள்ளி. கழித்தது போக இருந்தது ஒன்று. மறுபடி இரண்டு ஆனது.

அன்று மாலை மனைவி ஆலையிலிருந்து வந்தவள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"என் பக்கத்து மிஷின்ல நிப்பாளே, எப்பவும் சிரிச்சுக்கிட்டு, எனக்கு ஊறுகாய் கொண்டாந்து தருவாளே, அவ போயிட்டா."

"எங்க போயிட்டா?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்தது.

"வாசல்லயே. ஷிப்ட் விட்டு எல்லாரும் தாண்டுறோம். முன்னாடியெல்லாம் பாலத்துக்கிட்ட ஒரு வண்டி தெரிஞ்சா நாங்க நாலு பேர் பேசிக்கிட்டே தாண்டிடுவோம். கண்ணுக்கு அந்தத் தூரம் பழகிக்கிடந்துச்சு. இப்ப பாலத்துக்கிட்ட இருக்குன்னு காலை எடுத்து வச்சா, வண்டி வந்து மேல நிக்குது." தலையிலிருந்த பஞ்சைப் பிய்த்து எடுத்தாள். "கார்க்காரன் நாப்பத்தொம்பதுலதான் வந்தானாம். முள்ளும் அதையே சொல்லுது, கேமராவும் அதையே சொல்லுது. நாப்பத்தொம்பதுல வர்ற வண்டிக்கு ஒதுங்கத் தெரியாம நின்னது அவ தப்புன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

மூட்டைக்காரர் மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் இயக்ககத்தின் நான்காம் மாடிக்கு ஏறினார். முதுகு ஒவ்வொரு படியிலும் அவரைக் கூப்பிட்டு நிறுத்தியது. இயக்குநர் மக்களைச் சந்திக்கும் நாள் அது. வந்திருந்த மக்கள் அவர் ஒருவர்தான். மேசைக்குப் பின்னால் புதிதாக ஒரு கேடயம் மாட்டியிருந்தது. கதவோரம் வெள்ளைச் சட்டை ஓட்டுநர் பையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"உட்காருங்க, உட்காருங்க" என்றார் இயக்குநர். கோபக்காரர் இல்லை. கனிவான, நன்றாகத் தூங்கி எழுந்த முகம். "சொல்லுங்க."

"ஐயா, கிலோமீட்டர் கல்லை வச்சுப் பார்த்தேன். முள் நாப்பதுல இருக்கும்போது ஒரு நிமிஷத்துல ஒரு கல் தாண்டுது. அப்படின்னா அறுபதுங்க. எல்லா முள்ளும் குறைச்சுக் காட்டுது."

இயக்குநர் அக்கறையோடு கேட்டுக்கொண்டார். "கல்லை யார் நட்டாங்க?"

"ரோடு போட்டவங்க."

"அது வேற துறை. அவங்க கல்லை நாம இன்னும் சோதிக்கல. சரி, நிமிஷத்தை எதை வச்சுப் பார்த்தீங்க?"

"கைக்கடிகாரம்."

"அதுக்குச் சான்றிதழ் இருக்கா?"

இல்லை என்று மூட்டைக்காரர் ஒத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? சான்றிதழ் இல்லாத கல், சான்றிதழ் இல்லாத கடிகாரம். இதை வச்சுக்கிட்டு சான்றிதழ் உள்ள முள்ளைச் சந்தேகப்படறீங்க. உங்க மேல தப்பில்ல, படிக்காதவங்களுக்கு வர்ற குழப்பம்தான்."

"ஐயா, ஆலை வாசல்ல ஒரு பொண்ணு செத்துப்போச்சு."

இயக்குநரின் முகம் உண்மையாகவே வாடியது. "தெரியும். மூணு மாசத்துல பத்தொம்பது பேர். எனக்கும் குடும்பம் இருக்கு, நானும் மனுஷன்தான். ஆனா ஒண்ணைக் கவனிங்க. பத்தொம்பது பேரும் வரம்புக்குள்ள போன வண்டியிலதான் அடிபட்டிருக்காங்க. வேகத்தால ஒரு உயிர்கூடப் போகல. இந்த இயக்ககத்தை ஆரம்பிச்சப்ப, வேகத்தால யாரும் சாகக் கூடாதுன்னு வாக்குக் கொடுத்தோம். பதினோரு வருஷமா முடியாதது இப்ப முடிஞ்சிருக்கு." கேடயத்தை நோக்கி லேசாகத் திரும்பினார். "மிச்சப்படி, சாலையைத் தாண்டுறவங்களோட வேகம் போதாது. அதுக்கும் ஒரு அளவு கொண்டுவரலாமான்னு யோசிச்சுட்டிருக்கோம்."

மூட்டைக்காரர் கதவோரம் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரர் பையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க கார்ல முள்ளுக்கு மேல இருக்கிற கண்ணாடியை ஒரே ஒரு தடவ கழட்டிப் பாருங்க" என்றார் மூட்டைக்காரர். "வேற ஒண்ணும் நான் சொல்லல."

"கழட்டினா முத்திரை உடையும். முத்திரை உடைஞ்சா அது மூலவண்டி இல்ல. மூலவண்டி இல்லாத ஏதோ ஒரு காரோட முள்ளைப் பார்த்து நமக்கு என்ன தெரியப்போவுது?" எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "உங்களுக்கு ரெண்டு புள்ளி இருக்கு போல. ஜாக்கிரதையா ஓட்டுங்க. முள் சொல்றதைக் கேளுங்க. எல்லாரும் ஐம்பதுல போறப்ப நீங்களும் ஐம்பதுல போங்க. அவ்வளவுதான் நாங்க கேக்கிறது."

கீழே வந்து வேனை எடுத்தார். கிட்டங்கியில் லோடு ஏற்றி, கடைகளில் இறக்கி, மாலையில் காலி வண்டியோடு ஆலைச் சாலைக்குத் திரும்பும்போது ஷிப்ட் விடும் நேரம். பின்னால் ஒரு லாரியின் மூக்கு கண்ணாடியை நிறைத்துக்கொண்டு வந்தது. ஹாரன். அதற்குப் பின்னால் இன்னும் பல ஹாரன்கள். முள்ளை ஐம்பதுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பாலம் வந்தது தெரியவில்லை, போனதுதான் தெரிந்தது. காலை எடுத்துவிட்டார். முப்பத்து மூன்று.

ஆலை வாசலில் சாலையோரமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர், கையில் சாப்பாட்டுப் பை, தலையில் பஞ்சு. யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தி காலை எடுத்து வைப்பாள், பின்வாங்குவாள். அந்தக் கூட்டத்தில் ஒரு காலை முன்னே வைத்தபடி அவர் மனைவி.

மூட்டைக்காரர் வேனை மெதுவாக்கினார். விளக்கை மினுக்கவிட்டார். பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து, சாலையின் இரு பக்கத்தையும் அடைக்கும்படி குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். லாரி கிறீச்சிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது.

"யோவ், வண்டி ஓட்டத் தெரியுமா, தெரியாதாய்யா?" என்றான் லாரிக்காரன்.

"தெரியும். அவங்க போகட்டும்."

கேமரா கண்ணைச் சிமிட்டியது. பெண்கள் தாண்டினார்கள். முதலில் ஓட்டமாக, பிறகு நடையாக. கடைசியாக வந்தவள் நடுச்சாலையில் நின்று கம்பத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மூன்றாவது என்று அவளுக்கும் கணக்குத் தெரியும்.

"என்னங்க" என்றாள்.

"நீ போ" என்றார். "மெதுவாவே போ."

நான்காம் நாள் கடிதம் வந்தது. ஐம்பது கிலோமீட்டர் சாலையில் அவர் பூஜ்யம் கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாக அதில் எழுதியிருந்தது. உரிமம் ரத்து. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் மனுச் செய்யலாம்.

அவர் இரண்டு தடவை படித்தார். இயக்ககத்திலிருந்து அவருக்கு வந்த கடிதங்களில், முள்ளுக்கு முத்திரை வைத்த நாளிலிருந்து எண் சரியாக இருந்தது இந்த ஒன்றில்தான். மனுச் செய்யவில்லை. ஆணியில் தொங்கிய பழைய துண்டை எடுத்து உதறி, தோளில் போட்டுக்கொண்டு, கிட்டங்கியைப் பார்த்து நடந்தார்.